சுவரில்லா அடுக்களை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. சுவரின் வழியாகக் கேட்டேன். கேரளத்து இரிஞ்ஞாலக்குடையில் ஒரு பழைய வீட்டை இரண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஒரு பாதியில் நான், மறுபாதியில் வாத்தியார் சுதாகரன் மாஷும் அவர் மனைவி பிரசன்னாவும். தடுப்பு மெல்லியது. நான் போகும் மாலைநேரக் கதை வகுப்பில் ‘ஒரு கட்டடத்தை வைத்துக் கதை எழுதி வாருங்கள்’ என்று சொன்ன வாரம்தான் அவர்களுடைய புது வீட்டு வரைபடச் சண்டை தொடங்கியது. வேறெங்கும் போய்த் தேட எனக்குச் சோம்பல்.

முதல் தொடக்கம்: “கட்டடம் என்பது அதில் வாழ்பவர்களின் மனசாட்சி கல்லாகி—” (அடித்துவிட்டேன். இப்படி எழுதும் ஆளுக்கு யார் வாடகைக்கு வீடு தருவார்கள்?)

இரண்டாம் தொடக்கம்: “பிரசன்னா அழுதாள்.” (அவள் அழவில்லை. அழுதால் எடுப்பாக இருக்கும் என்று வகுப்பில் ஒருவர் சொன்னார்.)

2

மூன்றாம் தொடக்கம். பிரசன்னாவுக்கு ஒரு சுவர் வேண்டும்.

அவள் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க அண்ணன் தம்பிகள் நிலத்துக்காக அடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவாள். செருப்பைக் கழற்றியதும் நேரே அடுக்களைக்குள் போய்க் கதவைத் தாழிடுவாள். உள்ளே என்ன செய்கிறாள்? அந்த நேரத்தில் என் பக்கம் ஒரு கரண்டிச் சத்தம்கூடக் கேட்காது.

சுதாகரன் மாஷ் பள்ளியில் சரித்திரம் நடத்துபவர். பெண் சமத்துவம் பற்றி வாசகசாலையில் பேசுபவர். இந்த ஊரில் புது வீடு கட்டுகிறவர்கள் இரண்டு அடுக்களை கட்டுவார்கள்: முன்னால் பளபளவென்று ஒன்று, பார்க்க, பின்னால் கரிபிடித்த ஒன்று, சமைக்க. மாஷுக்கு அந்தப் போலித்தனம் பிடிக்காது. ஒழித்தே தீருவது என்று இறங்கினார். ஒழித்ததில் போனது சமைக்கிற அடுக்களை.*

* இந்த வாக்கியத்தில் எனக்கு ரொம்பப் பெருமை. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

வரைபடம் போட்டது எல்சி. புதிதாகத் தொழிலுக்கு வந்த பெண். சாப்பாட்டு மேசைமேல் தாளை விரித்தாள்.

“சேச்சி, இதான் ஹால். இதுவும் ஹால். அடுக்களையும் ஹாலுக்குள்ளதான்.”

“சுவர் எங்கடி?”

“மாஷ் வேண்டாம்னுட்டார்.”

“அந்தச் சுவர்தான், பிரசன்னா, பொம்பளைங்க உங்களை எல்லாம் இத்தனை காலம் பின்கட்டுல அடைச்சு வச்சது,” என்றார் மாஷ். “நீ நடுக்கூடத்துல நின்னு சமைக்கணும். பேச்சுல கலந்துக்கணும்.”

“பேச்சுல கலந்துக்கிட்டா மீன் கருகிடும், சுதாகரேட்டா.”

“மத்தி வறுத்தா சோபாவும் மத்தியாயிடும் மாஷே. நான் அப்பவே சொன்னேன்,” என்றாள் எல்சி.

“நானும்தானே சமைக்கிறேன்? ஞாயித்துக்கிழமை யாரு சமைக்கிறா?”

“நீங்க சமைக்கிறதை நாலு பேர் பாக்கணும். நான் சமைக்கிறதை யாரும் பாக்க வேண்டாம். அவ்வளவுதான் வித்தியாசம்.”

மாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதுல உனக்கு என்ன நஷ்டம், அதைச் சொல்லு.”

“இப்ப உங்களுக்குச் சாயா வேணும்னா எழுந்து வந்து கதவைத் தட்டணும். சுவர் இல்லேன்னா உக்காந்த இடத்துலேயே கேப்பீங்க.”

எல்சி தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. (எனக்கு எப்படித் தெரியும்? தோள் குலுங்குவது சுவர் வழியாகக் கேட்காது. மாஷ் கண்ணாடியைத் துடைத்த இடத்திலிருந்தே நான் புளுகத் தொடங்கிவிட்டேன். கவனித்திருப்பீர்கள்.)

3

(முதலில் எழுதியபோது இந்தப் பகுதியில் மாஷை ஒரு போலியாகக் காட்டியிருந்தேன். பிறகு நினைத்துப் பார்த்தேன். அவர் தினமும் பாத்திரம் கழுவுகிறார். கழுவும்போது பாடுகிறார், அபசுரமாக, யார் கேட்பதற்காகவும் இல்லாமல். போலி அப்படிப் பாடமாட்டான். மனைவிக்கு நல்லது செய்வதாக அவர் மனதார நம்பியதுதான் சிக்கல். வில்லனாக இருந்தால் கதையை எப்போதோ முடித்திருப்பேன்.)

4

வாரக்கடைசியில் மனையில் கோடு போட்டார்கள். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க என்னையும் கூப்பிட்டார்கள், ஆகவே இது நான் நேரில் பார்த்தது. மேஸ்திரி தரையில் சுண்ணாம்புப் பொடியால் அறைகளை வரைந்து முடித்தார். தோண்டத் தொடங்கினால் அவ்வளவுதான், மாற்ற முடியாது.

பிரசன்னா செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தாள். அடுக்களை வரவேண்டிய இடத்தில் நின்றாள். சுற்றிலும் ஒன்றுமில்லை. ரோட்டில் சைக்கிளில் போனவர்கூட, “என்ன பிரசன்னா, சமையலாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாஷுக்கு ஒரே சந்தோஷம். “பாத்தியா? ஊரே உங்கூடப் பேசுது!”

அவள் மேஸ்திரியின் சட்டியிலிருந்து ஒரு பிடி பொடியை அள்ளினாள். குனிந்து, கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே கோடு இழுத்தாள். வலது ஓரத்தில் மட்டும் கதவுக்கு இடம் விட்டாள். கோடு கோணல்தான்.

“எடி, என்ன பண்றே?”

“கேட்டுப் பாத்தேன். இப்ப போட்டுக் காட்டுறேன்.”

“வாசகசாலைல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே. என்னை என்ன நினைப்பாங்க?”

“அவங்க நினைக்கிறதுக்கு நான் நடுக்கூடத்துல நிக்கணுமா?”

“பாதிச் சுவர் வச்சுக்கலாமே சேச்சி,” என்று எல்சி நடுவில் புகுந்தாள். “இடுப்பு உயரம்.”

“தலை தெரியும்ல? தலை தெரிஞ்சாத்தானே வேலை சொல்லுவாங்க.”

மேஸ்திரி கடப்பாரையை ஊன்றினார். “எந்தக் கோட்டுல வெட்டட்டும்? ஆள் காத்துக்கிட்டு நிக்குது.”

5

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ. மாஷ் கோட்டைத் தாண்டாமல் சுற்றி வருகிறார். கதவு வரும் இடத்தில் நின்று, “உள்ளே வரலாமா?” என்கிறார். (வகுப்பில் கைதட்டுவார்கள். எனக்குப் பல் கூசுகிறது.)

ஆ. மாஷ் காலால் கோட்டை அழிக்கிறார். (அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று மேலே நானே சொல்லித் தொலைத்துவிட்டேன்.)

இ. பாதிச் சுவர். (எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். அவளுக்கு ஒன்றும் கிடைக்காது.)

நடந்தது இவ்வளவுதான்: பிரசன்னா கோட்டுக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு முதுகு காட்டி, வெறும் மண்ணில் உட்கார்ந்தாள்.

இந்த இடத்தில் கதை எழுதுகிறவர் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். அவள் மனதுக்குள் போகவேண்டும். “பிரசன்னா நினைத்துக்கொண்டாள்—”

மாட்டேன். இவ்வளவு நேரம் அவள் அடுக்களையைச் சுவரே இல்லாததுபோல் உங்களுக்குத் திறந்து காட்டிக்கொண்டிருந்தது மாஷ் இல்லை, நான்.

மேஸ்திரி கேட்ட கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். அதற்குமுன் அவளிடம் ஏதாவது கேட்டாகவேண்டும் என்றால், கதவு வலது பக்கம். தட்டுங்கள். திறக்காவிட்டால், திரும்பி வந்துவிடுங்கள்.