ஒட்டாத சாம்பல் பெயிண்ட்

சிவக்குமார் செத்த பிறகு அந்த இரும்பு ஸ்டாண்டு செல்லூர் பட்டறைக்கே திரும்பி வந்தது. கரண்டுப் பெட்டியைத் தாங்கி நிற்கும் ஆளுயரச் சட்டம். அவன் வெல்டு வைத்தது, அவன் பெண்டாட்டி தமிழ்ச்செல்வி பெயிண்ட் அடித்தது. விளாங்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு வேலையாகப் போனவன், கரண்டு அடித்து அதைத் தொட்டபடியே விறைத்துப் போனான். ஆள் குடித்திருந்தான் என்று ஆலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சாராய வாசனையே ஆகாத மனுசன் செத்தபின் குடிகாரனாகிவிட்டான். அதுதான் அவளுக்கு ஆறவேயில்லை.

பட்டறை முதலாளி ராஜாராமுக்கு அதை உடைத்துப் போட மனசில்லை. "வேற கம்பெனி கேக்குது தாயி. உனக்கு முடியலைன்னா வேற ஆளை வச்சுக்கிறேன்."

"நானே அடிக்கிறேண்ணே," என்றாள். அவன் கைபட்டதை இன்னொருத்தர் தொட விடுவாளா?

தேய்த்து, பிரைமர் பூசி, சாம்பல் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனாள். காலையில் வந்து பார்த்தால் கீழே ஒரு போல்ட்டைச் சுற்றி மட்டும் உரிந்து கிடக்கிறது. மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. திரும்ப அடித்தாள். மறுநாளும் அதே இடம், அதே வட்டம். நகத்தால் சுரண்டிய மாதிரி தரையில் பெயிண்ட் சுருள்கள். பட்டறையோ பூட்டியது பூட்டியபடி இருந்தது.

"என்னய்யா வேணும் உனக்கு?" என்று சட்டத்தைப் பார்த்துக் கேட்டேவிட்டாள்.

பக்கத்தில் வயரிங் செய்துகொண்டிருந்த பேயாண்டி எட்டிப் பார்த்தான். "அந்த இடத்துல ஏன்க்கா அடிக்கிற? அது எர்த் போல்ட்டு. வெறும் இரும்பாத்தான் இருக்கணும். பெயிண்ட் இருந்தா கசியுற கரண்டு மண்ணுக்கு இறங்காது, சட்டத்துலயே நிக்கும். தொட்டவன் காலி. அண்ணன் எப்பவும் டேப்பு ஒட்டித்தான குடுப்பாரு?"

ஒட்டித்தான் கொடுப்பான். எதற்கென்று இவள் கேட்டதில்லை. ஆலைக்கு அனுப்பிய தடவை லோடு வண்டி வாசலில் நின்றது, டேப்பு கோணலாக இருந்தது. இவள்தான் அதை உரித்து எறிந்துவிட்டு அடித்தாள். புருசன் செய்த சட்டம் ஒரு பொட்டு விடாமல் பளிச்சென்று போகவேண்டும் என்று ஆசை. ஆலையில் எவனோ பெயிண்டின் மேலேயே எர்த் வயரை முடுக்கியிருக்கிறான்.

பாவி, நான்தானா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து ராஜாராமிடம் போனாள்.

"அண்ணே, அவரு குடிக்கலை. எர்த் போல்ட்டு மேல நான்தான் பெயிண்ட் அடிச்சேன். ஆலையில வந்து சொல்லணும்."

ராஜாராம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாருக்கும் தெரியாதுல்ல தாயி. விட்டுரு."

"அவருக்குத் தெரியுதுண்ணே," என்றாள் தமிழ்ச்செல்வி. "வண்டியை எடுங்க."