இரண்டு சைஸ் பெரிசு

தோத்தாத்ரிக்குப் பெரிய கம்பெனி என்றாலே ஆகாது. சிட்லபாக்கத்து வீட்டில் சுற்றுகிற ஃபேன், அரைக்கிற மிக்ஸி, அவர் கையில் கட்டியிருக்கிற வாட்ச், எதன் பெயரையும் எந்த விளம்பரத்திலும் யாரும் பார்த்திருக்க முடியாது. "வெறும் பேருக்கு எதுக்கு ஓய் காசு?" என்று எதிர்வீட்டுப் பட்டாபிராமனை வாசல் கேட்டருகே நிறுத்திவைத்து அரை மணி நேரம் பிடி பிடியென்று பிடிப்பார். பட்டாபிராமன் வீட்டுப் பெரிய கம்பெனி மிக்ஸி ஒரே வருஷத்தில் புகைந்துபோனபோது தோத்தாத்ரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் கட்சியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பொருள் வாங்குவதில் அவர் பெரும்பாலும் ஏமாந்ததில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

1997-இல் அவருடைய ஒரே மகள் வேதவல்லி ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு சுமார். ஆனால் சக்கரத்தின் மேல் ஏறி நின்றால் அவள் வேறு ஆள். தாம்பரம் ரயில்வே காலனிக்குப் பின்னால் ஒரு சிமென்ட் தளத்தில் சுந்தர்சிங் மாஸ்டர் காலையில் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் ஹாக்கி சொல்லிக்கொடுத்தார். பூட்ஸுக்கு அடியில் நான்கு சக்கரமும் ஒரே வரிசையில் ஓடும் இன்லைன் ஸ்கேட் அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. வேதா மாஸ்டரிடமிருந்த பழைய ஜோடியை இரவல் வாங்கி ஆடியே எல்லோரையும் திணற அடித்தாள். டிசம்பரில் மாநில அணிக்கான தேர்வு. அதற்குச் சொந்த ஸ்கேட் வேண்டும். அவளுக்கு அந்த வயதில் வேறு எந்த ஆசையும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த அணியில் ஒரு இடம், அவ்வளவுதான்.

கூட ஆடிய இரண்டு பெண்களுக்கு அமெரிக்காவிலிருந்து மாமாவும் சித்தப்பாவும் பெரிய கம்பெனி ஸ்கேட் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். தோத்தாத்ரிக்கு அமெரிக்காவில் யாரும் இல்லை. மாஸ்டரிடம் போய்க் கேட்டார்.

"பெரிய கம்பெனிதான் வேணும்னு இல்ல சார்," என்றார் சுந்தர்சிங். "மார்க்கெட்ல துளசிங்கம் கடையில தைவான் சரக்கு ஒண்ணு வந்திருக்கு. பேரு யாருக்கும் தெரியாது. நான் கழட்டிப் பாத்தேன், சக்கரம், பேரிங் எல்லாம் நல்லா இருக்கு. பூட்ஸ் மட்டும் கால்ல கச்சிதமா உக்காரணும். அது ஒண்ணுதான் முக்கியம்."

தோத்தாத்ரிக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது. தன் கொள்கைக்கு ஒரு மாஸ்டரே சாட்சி சொல்லிவிட்ட சந்தோஷத்தில், அந்தச் சனிக்கிழமையே மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனார்.

துளசிங்கம் கேரம் போர்டுகளுக்கும் ஃபுட்பால்களுக்கும் நடுவே வேதாவை ஸ்டூலில் உட்காரவைத்து, தானே குனிந்து ஐந்தாம் நம்பர் ஸ்கேட்டை மாட்டிவிட்டார். முழங்காலை மடக்கச் சொன்னார். குதிகாலுக்குப் பின்னால் தன் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை.

"தோ, இப்பிடித்தான் இருக்கணும். வெரலு உள்ள போச்சுன்னா பேஜாரு. எய்ந்து நில்லும்மா."

வேதா எழுந்து கல்லாவிலிருந்து வாசல் வரைக்கும் ஒரு ஓட்டம் ஓடி, சட்டென்று திரும்பி நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு வழிந்தது. "அப்பா, காலோட ஒட்டிண்டு இருக்குப்பா!"

"அதான் தப்பு," என்றார் தோத்தாத்ரி. "ஏழாம் நம்பர் இருக்கா?"

அந்த வீட்டு வழக்கம் அது. ஜூன் மாதம் வாங்கும் ஸ்கூல் ஷூ இரண்டு சைஸ் பெரிசு, முன்னால் பஞ்சு. பாவாடைக்கு மூன்று டக்கு, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரிப்பதற்கு. அந்த வீட்டுக்கு மட்டும் என்ன, அந்தத் தெரு முழுக்க அப்படித்தான். வளர்கிற பிள்ளைக்கு அளவாக வாங்குகிறவன் உலகம் தெரியாதவன்.

"சார், இத்து இன்னா ஸ்கூல் ஷூவா?" துளசிங்கம் சிரித்தார். பிறகு, இவர் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டார். "இவ்ளோ பெருசு போட்டுகினு வெளயாட முடியாது சார். கால் மடங்கிக்கும்."

"காலேஜ் முடிக்கிற வரைக்கும் வரணும். வளர்ற பொண்ணு. பஞ்சு வெச்சுண்டா சரியாப் போறது."

"சரி, உங்க இஷ்டம். ஒரு வாரத்துக்குள்ள எட்துகினு வந்தா மாத்தித் தரேன்."

வேதா கடைக்காரரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "சரிப்பா," என்றாள்.

பதினாறு வயதுப் பெண்ணின் பாதம் இனிமேல் எங்கே வளரப்போகிறது என்று அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை.

நான்காம் நாள் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது வேதா பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, திரும்பறச்சே குதிகால் தூக்கறது. அந்தக் கடைக்காரர் மாத்தித் தரேன்னாரே."

"பஞ்சு இன்னும் கொஞ்சம் வை. லேஸை நன்னா இழுத்துக் கட்டு."

மறுநாள் சுந்தர்சிங் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் தேடி வந்து சொன்னார். "சார், பூட்ஸ் அருமையான பூட்ஸ். சைஸை மட்டும் மாத்திருங்க." தோத்தாத்ரி, பழகினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, ஆபீஸுக்குப் போகிற பீச் ரயிலைப் பிடிக்க ஓடினார். ஒரு வாரம் கழிந்தது. வேதா அப்புறம் கேட்கவில்லை. இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு, கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு போனாள். குதிகாலில் கொப்புளம் உடைந்து சாக்ஸில் ரத்தக்கறை. அதை அவள் அம்மா கோமளா துவைத்தாள்.

தேர்வு நாளில் அரை மணி நேரம் நன்றாகத்தான் ஆடினாள். பிறகு, பக் என்கிற அந்த ரப்பர் வட்டை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்து, எதிரில் வந்த பெண்ணை ஏமாற்றச் சட்டென்று இடதுபக்கம் திரும்பினாள். கால் திரும்பியது, பூட்ஸ் திரும்பவில்லை. விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. தோத்தாத்ரி கம்பித் தடுப்பைத் தாண்டி ஓடினார். மாஸ்டர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏற்றினார்.

கணுக்காலில் தசைநார் கிழிந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அணியின் பட்டியல் அன்று மாலையே ஒட்டப்பட்டுவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் பட்டாபிராமன் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். கட்டிலருகே நின்று மெதுவாகச் சொன்னார்: "கொஞ்சம் நல்ல கம்பெனியாப் பாத்து வாங்கியிருக்கலாம் ஓய்."

தோத்தாத்ரி தன் வாழ்நாள் முழுக்க இந்தப் பேச்சுக்குத்தான் பதில் வைத்திருந்தார். ஆனால் அதைச் சொன்னால் சைஸ் சங்கதி வெளியே வந்துவிடும். கோமளா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சொன்னார்: "ஆமாம் ஓய். மட்டமான சரக்கு. கடைக்காரன் என் தலையில கட்டிட்டான்."

கட்டிலில் கிடந்த வேதா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு பொய் சொன்னவன் அதோடு விட்டால் தேவலை. அதை நிஜமாக்கக் கிளம்பினால் வேறு யாராவது மாட்டிக்கொள்வார்கள். திங்கட்கிழமை தோத்தாத்ரி ஸ்கேட்டைத் தூக்கிக்கொண்டு போய், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது துளசிங்கத்தை வாய்க்கு வந்தபடி ஏசினார். ஏமாற்றுக்காரன் என்றார். தைவான் குப்பை என்றார். தன் மகளுக்கு அதே ஸ்கேட்டை விலை பேசிக்கொண்டிருந்த ஒருவர் மெல்ல நழுவினார். துளசிங்கம் ஸ்கேட்டை வாங்கி உள்ளே வைத்தார், பணத்தை எடுத்து நீட்டினார். "பொண்ணுக்கு கால் எப்பிடி கீது சார்?" என்று மட்டும் கேட்டார்.

பேச்சு பரவிவிட்டது. அந்த ஸ்கேட்டை அதற்குப் பிறகு யாரும் வாங்கவில்லை. பெரிய கம்பெனி ஸ்கேட் வாங்க வக்கில்லாத வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். பதினோரு பேர் இருந்த இடத்தில் நான்கு பேரை வைத்துக்கொண்டு சுந்தர்சிங் விசிலடித்துக்கொண்டிருந்தார்.

மாவுக்கட்டு பிரித்து ஒரு வாரம் கழித்து வேதாவுக்குப் புதுச் செருப்பு வேண்டியிருந்தது. ஆபீஸுக்குக் கிளம்பும்போது தோத்தாத்ரி சைஸ் கேட்டார். "அஞ்சுதான்," என்றாள் கோமளா அடுப்படியிலிருந்து. "ஒம்பதாங் கிளாஸ்லேருந்து அவளுக்கு அஞ்சுதானே."

தோத்தாத்ரி டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவமானம் என்றால் என்னவென்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வண்டியில் ஏறி எழும்பூர் வரைக்கும் போய், ஆபீஸுக்குப் போகாமல் அடுத்த வண்டியில் தாம்பரம் திரும்பினார்.

துளசிங்கம் அப்போதுதான் கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தார். தோத்தாத்ரி கைகூப்பினார். "தப்பு என்னோடது. உங்க சரக்குல ஒரு குறையும் இல்லை. நாலு பேர் எதிர்ல சொன்னேன், நாலு பேர் எதிர்லயே மன்னிப்புக் கேக்கவும் தயார்."

"வுடு சார். உங்க பொண்ணு வந்துட்டுப் போச்சே, தெரியாதா?"

"வேதாவா? எப்போ?"

"கட்டு பிரிச்ச மறுநாளு. நொண்டிகினே வந்துச்சு. 'எங்கப்பா மேல கோவப்படாதீங்க அங்கிள், நான்தான் பெரிய சைஸ் வேணும்னு அடம் பிடிச்சேன்'னு சொல்லிச்சு." துளசிங்கம் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். "எதிர்ல நின்னு பாத்தவன் நான். எங்கிட்டயே வந்து சொல்லுது சார். நான் இன்னா சொல்றது? சரிம்மான்னேன்."

தோத்தாத்ரி அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். துளசிங்கம் அவருக்கு ஒரு டீ சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது, இன்னும் ஸ்கூலுக்குப் போகத் தொடங்காத வேதா கூடத்தில் கெமிஸ்ட்ரி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பா இந்த நேரத்தில் வந்தது அவளுக்கு ஆச்சரியம். அவர் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"துளசிங்கம் கடையில அந்த அஞ்சாம் நம்பர் இன்னும் இருக்கும்மா," என்றார். "இன்னிக்கே வாங்கிண்டு வந்துடறேன். அடுத்த வருஷமும் செலக்ஷன் உண்டுன்னு மாஸ்டர் சொன்னார்."

வேதா பேனாவை மூடினாள். கோபமாக ஏதாவது சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். சொன்னால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

"வேண்டாம்ப்பா," என்றாள். "இப்போ ஆசையே இல்லை." பிறகு அவர் முகத்தைப் பார்த்து, அவருக்குச் சமாதானமாக இருக்கட்டும் என்று, "நிஜமாத்தான்ப்பா. ஒண்ணுமே தோணலை," என்றாள்.