கொக்கி ஒரு விரல் தள்ளி

தஹானியின் வயிற்றை இடுப்புப் பட்டையின் கொக்கி காட்டிக் கொடுக்கவில்லை. அஸ்யூத் வெள்ளி காட்டிக் கொடுத்தது.

ஜூன் மாதத்து முற்பகல். கெய்ரோவின் முகமது அலி தெருவில், வாத்தியக் கடைகளுக்கு மேலே மூன்றாவது மாடி. தஹானி முக்காலியின் மேல் கைகளைத் தூக்கியபடி நின்றிருந்தாள். வயது முப்பத்தொன்பது. பிரமிடு சாலை இரவு விடுதிகளில் அவள் இடுப்பாட்டம் ஆடினால் மேசைகள் நிரம்பும். கீழே, வாய் நிறையக் குண்டூசியோடு மண்டியிட்டிருந்தவள் இன்ஸாஃப். ஆட்டக்காரிகளுக்கு உடை தைப்பதில் முப்பது வருஷம் பழுத்தவள். தஹானிக்கு மட்டுமே பதினாறு வருஷமாகத் தைக்கிறாள்.

தஹானியின் உடம்பில் இருந்தது தெல்லி. கறுப்பு வலைத்துணியில் தட்டையான வெள்ளி நாடாவைக் கோத்து, மடித்து, நகத்தால் நசுக்கி, புள்ளி புள்ளியாக அஸ்யூத் ஊர்ப் பெண்கள் நிரப்புகிற வேலை. மேல் எகிப்தில் மணப்பெண்ணின் தலையில் போடுவது. பிறகு நைல் நதியில் படகில் வந்த வெள்ளைக்காரிகள் வாங்கிப் போனார்கள், சினிமாக்காரிகள் உடுத்தினார்கள், கிராக்கி ஏற ஏற வெள்ளி போய்ப் பித்தளை வந்தது. இது பழசு. அறுபது வருஷத்துக்கு முந்திய இரண்டு சால்வைகள். இன்ஸாஃப் கழுத்துக்கு மட்டும்தான் கத்திரி வைத்திருந்தாள். மற்றபடி தோளில் ஒரு தையல், பக்கத்துக்கு ஒரு தையல்.

தெல்லியின் குணமே அதன் பாரம்தான். இரண்டரைக் கிலோ வெள்ளி கீழே இழுக்கும். வலை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வைரக்கட்டங்கள் தூக்குக் குண்டு விட்டாற்போல நெட்டுக்கு இறங்கும்.

இறங்கவில்லை. இடது பக்கம் மூன்று வரிசை வளைந்து போயின.

இன்ஸாஃப் துணியை உதறி விட்டாள். மறுபடி வளைந்தது. தோள் தையலைப் பிரித்து ஊசி குத்தினாள். மறுபடியும். கடைசியில் துணிக்குள் கையை விட்டு, விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தாள். கல் மாதிரி இருந்தது.

தொப்பை இரண்டு பக்கமும் வரும். இது ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தது.

"என்னக்கா, கிச்சுக்கிச்சு மூட்டுறே?" என்றாள் தஹானி.

இன்ஸாஃப் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவசரமில்லாமல் எடுத்ததாகத்தான் தஹானிக்குத் தெரிந்திருக்கும். உள்ளே அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ரமலான் முடிந்து ஒரு கொக்கி. ஜனவரியில் ஒன்று. வசந்தப் பண்டிகைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. போன வாரம் ஒன்று.

ஐந்து.

அந்தத் தெருவில் உடை தைக்கிற அத்தனை பேரும் செய்கிற காரியம்தான். ரமலானில் ஆட்டம் கிடையாது. ஒரு மாதம் முழுக்க ஆட்டக்காரிகள் சர்க்கரைப் பாகில் ஊறியதையெல்லாம் தின்றுவிட்டு, பெருநாள் முடிந்ததும் பட்டையைக் கட்டிப் பார்ப்பார்கள். எட்டாது. எட்டவில்லை என்று சொன்னால் ஆட்டக்காரி அழுவாள், அல்லது வேறு தையல்காரியைத் தேடிப் போவாள். அதனால் மணி கோக்கணும், பட்டையை விட்டுட்டுப் போ என்று வாங்கி வைத்து, கொக்கியை ஒரு விரல் தள்ளித் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். யாரும் கேட்க மாட்டார்கள். யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்ஸாஃப் இன்னொன்றும் செய்திருந்தாள். இந்த எட்டு மாதத்தில் தஹானியின் துணிப் புஜக் காப்புகள் நழுவுகின்றன என்று இரண்டு தடவை அவற்றைப் பிடித்துத் தைத்திருந்தாள். கையில் குறைத்தாள், இடுப்பில் கூட்டினாள். இரண்டையும் ஒரு நாளும் சேர்த்து யோசிக்கவில்லை.

வேறு யார் பார்த்திருக்க முடியும்? மேடையில் வயிறு தெரியக் கூடாதென்று சட்டம். போலீஸின் ஒழுக்கப் பிரிவு ஆட்கள் விடுதிக்கு விடுதி வந்து, வயிற்றின் மேல் வலைத்துணி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த வலையை இறுக்கமாகத் தைத்து, மேலே மணிச் சரம் தொங்கவிட்டதும் இன்ஸாஃப்தான்.

நாளைக்கு டாக்டரிடம் போகணும், நானும் வர்றேன் என்று மட்டும் சொன்னாள். தஹானி சிரித்தாள். தையல்காரி வைத்தியம் பார்க்க ஆரம்பித்தால் தான் ஊசியைப் பிடிக்க வேண்டியதுதான் என்றாள். ஆனால் இன்ஸாஃபின் முகத்தைப் பார்த்து, போக ஒத்துக்கொண்டாள்.

* * *

டாக்டர் வயசானவர், நிதானமானவர். தஹானியின் தங்கை விதாத்தும் வந்திருந்தாள். அக்காவுக்கு உடுத்திவிடுவது, வியர்வை துடைப்பது, செருப்பை எடுத்து வைப்பது எல்லாம் அவள் வேலை. சுவரோரம் இரண்டு நாற்காலி. விதாத் ஒன்றில், இன்ஸாஃப் ஒன்றில்.

டாக்டர் நெடுநேரம் அமுக்கிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, எத்தனை நாளாக வயிறு பெருக்கிறது என்று கேட்டார்.

பெருக்கவே இல்லை என்றாள் தஹானி. ஏதோ வாயுத் தொல்லை, நாலு நாளாகத்தான் உப்புசம். டாக்டர் நம்பவில்லை. தஹானிக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் பொழப்பே இந்த இடுப்புதான் டாக்டர். போன வருஷம் தச்ச பட்டை. அதே கொக்கி, அதே இடம், இன்னைக்கும் மாட்டுது. ஆட்டக்காரிக்கு அவ உடம்பு தெரியாதா?"

டாக்டரின் பேனா நின்றது. அப்படியானால் இது நாலு நாளில் வந்த வேகமான வியாதி. வேறு வழியில் யோசிக்க வேண்டும். அவர் ஏதோ எழுதத் தொடங்கினார்.

இன்ஸாஃப் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. வாயைத் திறந்தால் பதினாறு வருஷம் போய்விடும். திறக்காவிட்டால் டாக்டர் தப்பான வியாதியை எழுதுவார்.

எழுந்து நின்றாள்.

"கொக்கி அதே இடத்துல இல்ல டாக்டர். நான்தான் நகத்தினேன். எட்டு மாசத்துல அஞ்சு தடவ. தடவைக்கு ஒரு விரல்."

தஹானி திரும்பினாள். முதலில் சிரிப்புதான் வந்தது அவளுக்கு. "அக்கா, எந்த எடத்துல தமாஷ் பண்ணுறே?" என்றாள். பிறகு இன்ஸாஃபின் கையைப் பார்த்தாள். அந்தக் கை, ஐந்து விரல் அகலத்தைக் காற்றில் காட்டியபடி அப்படியே நின்றிருந்தது.

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். கர்ப்பப் பை ஓரத்துக் கட்டி என்றார். உடனே திறந்து பார்க்கணும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எட்டு மாசத்துக்கு முன்னால் வந்திருந்தால் எலுமிச்சம்பழம் அளவு இருந்திருக்கும் என்று, யாரையும் பார்க்காமல், மையொற்றும் தாளிடம் சொன்னார்.

படியில் இறங்கும்போது தஹானி தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இன்ஸாஃப் நீட்டிய கையை விலக்கினாள். கீழ்ப்படியில் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"ஊரே என் இடுப்பப் பாத்துச்சு. அளந்தவ நீ ஒருத்திதான்."

* * *

திறந்தார்கள். பார்த்தார்கள். மூடிவிட்டார்கள். எடுக்கிற நிலையில் இல்லை.

இன்ஸாஃப் ஆஸ்பத்திரி வாசலில் மூன்று நாள் நின்றாள். உள்ளே விடக் கூடாதென்று தஹானி சொல்லியிருந்தாள். நாலாவது நாள் விதாத் வெளியே வந்து, வீட்டுக்குப் போங்கக்கா, பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க என்று கெஞ்சினாள்.

போனாள். கடையைத் திறந்தாள். வேறு ஆட்டக்காரி ஒருத்தி பட்டை எட்டவில்லை என்று கொண்டுவந்து போட்டாள். இன்ஸாஃப் நாடாவைச் சுற்றி அளந்து, நாலு சென்டிமீட்டர் ஏறியிருக்கு, முதல்ல டாக்டரப் பாரு என்று சொல்லிவிட்டாள். அவள் பட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டாள். அந்த மாதத்தில் இன்னும் மூன்று பேர் போனார்கள்.

ஜூலை கடைசியில் விதாத் வந்தாள். மூச்சு வாங்கியது.

"அளவு நாடாவ எடுத்துக்கிட்டு வரச் சொன்னா. வேற எதுவும் கேக்காதீங்கக்கா. எனக்கும் தெரியாது."

தஹானி ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கன்னமெல்லாம் உள்ளே போய், கண் மட்டும் பெரிசாகியிருந்தது. போர்வைக்கடியில் வயிறு தனி ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. நீர் கோத்துக்கொள்கிறது, எடுக்க எடுக்க ஊறுகிறது என்று வரும் வழியில் விதாத் சொல்லியிருந்தாள்.

இன்ஸாஃப் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். தஹானி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அள. சத்தமாச் சொல்லு."

அளந்தாள். தொண்ணூற்றொன்று. சொன்னாள்.

"அடுத்த வியாழக்கிழமை வா" என்று தஹானி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமைதோறும் அது நடந்தது. தொண்ணூற்றைந்து. நீர் எடுத்த வாரம் எண்பத்தெட்டு. பிறகு தொண்ணூற்றேழு. வேறு பேச்சில்லை. மூன்றாவது வாரம் விதாத் புதினா டீ கொடுத்தாள். ஐந்தாவது வாரம், நூற்றொன்று என்று இன்ஸாஃப் சொன்னதும், தஹானி உதட்டைப் பிதுக்கினாள்.

"இந்த இடுப்புக்கு ரெண்டு சால்வை போதாதே. மூணாவது எங்கேயிருந்து புடிப்பே?"

"அஸ்யூத் பூராவும் முக்காடு இல்லாம நிக்கணும், கண்ணு."

தஹானி சிரித்தாள். சிரிப்பு வலித்தது. வலி அடங்கும் வரை அவள் பிடித்துக்கொண்டிருந்தது இன்ஸாஃபின் மணிக்கட்டை. அடங்கியதும் விட்டுவிட்டாள். இன்ஸாஃப் படியிறங்கும்போது அந்த இடத்தை இன்னொரு கையால் மூடிக்கொண்டே இறங்கினாள். இனி இவளிடம் ஒரு எண்ணைக்கூட மாற்றிச் சொல்வதில்லை என்று அன்றைக்கு மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டாள்.

செப்டம்பர். அந்த வியாழக்கிழமை தஹானிக்குக் குரல் எழும்பவில்லை. விதாத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, இன்ஸாஃப் முதுகுக்குப் பின்னால் நாடாவைச் செலுத்தி எடுத்தாள். முதுகெலும்பு விரலில் தட்டியது.

"குறைஞ்சிருக்கா?" என்றாள் தஹானி.

அதுவரை அவள் அப்படிக் கேட்டதில்லை. இன்ஸாஃப் நாடாவைப் பார்த்தாள். சத்தியம் நினைவில் இருந்தது.

"நூத்தியாறு."

தஹானி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரம் நனைந்தது. விதாத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெருவில் பூண்டுக்காரனின் வண்டி கத்திக்கொண்டு போயிற்று.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு," என்றாள் தஹானி, கண்ணைத் திறக்காமல், "கொஞ்சம் குறைச்சுச் சொல்லியிருக்கலாமேக்கா."

இன்ஸாஃப் நாடாவை உருவி, நீவி, மறுபடியும் அந்த முதுகுக்குப் பின்னால் செலுத்தினாள். முன்னால் கொண்டுவந்து இரண்டு முனையையும் சேர்த்தாள். எண்ணைப் பார்க்கவில்லை.

"அட, நாடா முறுக்கிக்கிட்டிருந்திருக்கு கண்ணு. கவனிக்கல," என்றாள். "குறைஞ்சுதான் இருக்கு. ரெண்டு விரல் குறைஞ்சிருக்கு."

"சத்தமாச் சொல்லு."

"ரெண்டு விரல்," என்றாள் இன்ஸாஃப் சத்தமாக.