ஆயில் பிளக்கும் மூன்று தொடக்கங்களும்

1

இந்தக் கதை பிறந்த இடம் எங்கள் காரின் அடிவயிறு. அங்கே மல்லாந்து கிடந்தவன் நான். எழுதுகிறவனும் நானே என்பதால் முதல் தொடக்கத்தில் பழியைத் தூக்கிக் கார் மேல் போட்டேன்:

“துருப்பிடித்த ஆயில் பிளக். எப்பேர்ப்பட்டவன் வந்தாலும் அது...”

(அடித்துவிட்டேன். துருவே இல்லை.)

“போன முறை ஆயில் மாற்றியவன் ஒரு முரடன்...”

(அதையும் அடித்துவிட்டேன். போன முறை மாற்றியவர் என் மனைவியின் அண்ணன். பட்டறை வைத்திருக்கிறார். இது அவர் காதுக்குப் போனால் தொலைந்தேன்.)

2

மூன்றாவது தொடக்கம்தான் உண்மை. இனி வண்டியைத் தானே பார்த்துக்கொள்வதாக மனைவி தன் அண்ணனிடம் சவால் விட்டிருந்தாள். “ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஆயில் மாத்தலேன்னா சாவியை உன்கிட்டயே கொடுத்துடறேன். அப்புறம் வண்டியைத் தொடமாட்டேன்.” சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை.

ஞாயிறு காலை அவள் குளிக்கப் போன நேரத்தில், கூடமாட உதவலாமே என்று நான் அடியில் புகுந்தேன். மல்லாந்து கிடப்பவனுக்கு உலகமே தலைகீழ், ஆகவே கழற்றும் திசையும் தலைகீழ் என்று யோசித்தேன். எழுத்தாளன் அல்லவா? பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் அந்தப் பிளக்குக்கு இந்தத் தத்துவம் தெரியாது. உள்ள பலத்தையெல்லாம் கூட்டி இறுக்கியிருக்கிறேன். ஆறு முனையும் மழுங்கி ஸ்பேனர் வழுக்கியபோதுதான் புத்தி வந்தது.

3

(இங்கே அவளைக் கோபப்பட வைக்க நினைத்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை.)

டார்ச் அடித்துப் பார்த்தாள்.

“நீங்க இதைக் கழட்டலை. இறுக்கியிருக்கீங்க.”

“எப்படித் தெரியுது?”

“தேய்ஞ்ச பக்கமே சொல்லுதே. நகருங்க. உளியும் சுத்தியலும் எடுங்க.”

“அடிச்சா ஆயில் தொட்டி விரிசல் விட்டுடும்.”

“விட்டா சாவி அண்ணனுக்கு. எடுங்கன்னா எடுங்க.”

4

பிளக்கின் விளிம்பில் உளியைச் சாய்த்து, கழலும் திசையில் தட்டினாள். ஒவ்வோர் அடிக்கும் நடுவே தொட்டியை விரலால் தடவிப் பார்த்தாள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகர்ந்திருக்கும். பிளக் நகரவில்லை. மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

(இந்த இடத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் வைக்கலாம். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.)

சாயங்காலம் மச்சான் கயிற்றோடு வந்து நின்றார். “என்ன மாப்ளே, இழுத்துட்டுப் போயிடலாமா?”

நான் வாய் திறப்பதற்குள் அடியிலிருந்து ‘டக்’கென்று ஒரு சத்தம். பிறகு அவள் குரல்: “ஆயில் பிடிக்கிற தட்டை இப்படி நகர்த்துங்க, வருது!”

கறுப்பு எண்ணெய் கொட்டியது. தொட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. வெட்கப்படவில்லை. அவ்வளவு பெருமை எனக்கு.

5

மச்சான் அந்தப் பிளக்கை உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தார்.

“யாரு எடுத்தது?”

“நான்தாண்ணே.”

தொண்டையைச் செருமிக்கொண்டார். “பட்டறையில ஒரு வண்டி நிக்குது. மூணு நாளா பிளக் கழலலை. என் ஆளுங்க கைவிட்டுட்டாங்க. நாளைக்குக் கொஞ்சம் வர்றியாம்மா?”

அவள் ஆயிலோடு வாங்கி வைத்திருந்த புதுப் பிளக்கை எடுத்துக்கொண்டு மறுபடி காருக்கடியில் புகுந்தாள். பதில் அங்கிருந்துதான் வந்தது. நான்கு விதமாக எழுதிப் பார்த்து நான்கையும் அடித்துவிட்டேன். இனி எழுதமாட்டேன். மச்சான் கயிறும் கையுமாகக் குனிந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். நீங்களும் குனிந்து கேட்டுக்கொள்ளுங்கள்.