ஒரு ரூபாய் சேர்த்துக் கட்டியவள்

கீதாஞ்சலி கோர்ட்டில் சாட்சி சொல்லவேண்டிய நாளுக்கு முந்தின மதியம், அவள் வீட்டு வாசலில் ராஜம்மாளின் கார் வந்து நின்றது. ராஜம்மாள், கல் குவாரி முதலாளி அப்பாதுரையின் மனைவி. கையில் தாம்பாளம், அதில் பூ, பழம், ஒரு பட்டுப்புடவை. கல்யாணத்துக்கு அழைக்க வந்தவள் மாதிரி அப்படி ஒரு சிரிப்பு. கீதாஞ்சலி சோற்றில் வைத்த கையோடு அப்படியே எழுந்தாள்.

சிரிக்க என்ன இருக்கிறது? அப்பாதுரையிடம் பல வருஷம் பி.ஏ.வாக இருந்தவள், இப்போது அவருக்கு எதிராகவே கூண்டில் ஏறப்போகிறாள்.

பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலையில் எம்.எல்.ஏ. தருமன் அன்னதானம் போடுவார். பேர்தான் தருமன், அரிசி ஒருத்தன் காசு, பருப்பு இன்னொருத்தன் காசு. அப்பாதுரை போய் அவருக்கு ஒரு சால்வையைப் போர்த்துவார். இன்னொரு சால்வை அட்டைப்பெட்டியோடு கைமாறும். அந்தப் பெட்டியைக் கட்டி எடுத்துப்போய் நீட்டுவது கீதாஞ்சலி. மேலே சால்வை, அடியில் நோட்டுக்கட்டு. கிரிவலக் கூட்டத்தைச் சமாளிக்கவே போலீசுக்கு நாக்கு தள்ளும்போது, சால்வைப் பெட்டியை யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்?

ஆனால் பணத்தை மொட்டையாகக் கொடுப்பது கீதாஞ்சலிக்கு ஆகாது. கல்யாணமோ காதுகுத்தோ, மொய் என்றால் கூட ஒரு ரூபாய் வைத்தால்தான் அது மரியாதை. லஞ்சத்துக்கும் அந்த மரியாதையைச் செய்துவைத்தாள் பாவி. ஒவ்வொரு கட்டின் மேலும் குங்குமம் தொட்டு ஒரு ரூபாய்க் காசு. தருமனும் லேசுப்பட்டவரா? கட்டுகளை ஏப்பம் விட்டார். குங்குமக் காசைச் செலவழித்தால் ஆகாது என்று பூஜையறைக் கிண்ணத்தில் போட்டுவைத்தார். சாமி என்றால் அவ்வளவு பயம். விஜிலன்ஸ் சோதனைக்கு வந்தபோது நோட்டு ஒன்றுகூட அகப்படவில்லை, கிண்ணம் அகப்பட்டது.

அடுத்து அப்பாதுரையின் ஆபீஸ். கீதாஞ்சலியின் மேஜை டிராயரில் குங்குமச் சிமிழும் சில்லறை டப்பாவும் இருந்தன. "இது எதுக்கும்மா?" என்று இன்ஸ்பெக்டர் சும்மாதான் கேட்டார்.

"பணக் கட்டை மொட்டையா குடுக்கக் கூடாதுங்களே சார்," என்றாள்.

நுணலும் தன் வாயால் கெடும். அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். வேலை போனது. ஆனால் சொல்லிவிட்ட பிறகுதான் அவளுக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது என்பதும் உண்மை. ஆசிரமம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவள் கணவன் புகழேந்தி, "சொன்னது சொன்னதாவே இருக்கட்டும் கீதா," என்றான்.

தாம்பாளத்தை வைத்துவிட்டு ராஜம்மாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"உம் பொண்ணு ஓவியா எப்படி கீது? வேலூர் ஹாஸ்டல்ல மூணாவது மாடியாமே. பால்கனி கம்பி ஆடுதாம். ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு."

கீதாஞ்சலி எச்சில் கையைப் புடவையில் துடைத்தாள்.

"நாளைக்கு இன்னா பெருசா கேட்டுடப் போறாங்க? பெட்டியில சால்வை இருந்துச்சுன்னு சொல்லு. பொய் இல்லியே அது. சால்வையும் இருந்துச்சு இல்ல?"

"அம்மா, அது..."

"எனக்கும் அவ பொண்ணு மாதிரிதான் கீதா."

கார் தெரு திரும்பியதும் மகளுக்குப் போன் போட்டாள். "ஆமாம்மா, கம்பி ஆடுது," என்றாள் ஓவியா. "உனக்கு யாரு சொன்னாங்க?"

அவளிடம் எதையும் சொல்லிப் பயமுறுத்த மனம் வரவில்லை. நாளைக்கு ரூமை விட்டு வெளியே வராதே என்று மட்டும் சொன்னாள். பட்டுப்புடவையைப் புகழேந்தி கொண்டுபோய் அப்பாதுரைக்குச் சொந்தமான லாட்ஜின் வரவேற்பில் வைத்துவிட்டு வந்தான்.

மறுநாள் கோர்ட் வாசலிலேயே செல்போனை அணைத்துவிட்டாள். கூண்டில் ஏறி நிமிர்ந்தபோது எதிர் பெஞ்சில் ராஜம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஓவியா. தலையில் புதுசாக மல்லிகை, தோளில் ராஜம்மாளின் கை. முதலாளியம்மாவே வந்து, அம்மா கூட்டிவரச் சொன்னாள் என்றால் எந்தப் பெண்தான் காரில் ஏறமாட்டாள்? ஓவியா அம்மாவைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள்.

"அந்தப் பெட்டியில என்னம்மா இருந்தது?" அரசு வக்கீல் கேட்டார்.

தருமன் நெற்றி நிறைய விபூதியோடு கண்ணை மூடி நின்றார். அப்பாதுரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சால்வை. ஒரு வார்த்தைதான். சொன்னால் பிள்ளையோடு வீட்டுக்குப் போகலாம். வாய்வரை வந்துவிட்டது அது. அப்போதுதான் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. இன்றைக்குச் சால்வை என்றால் நாளைக்கு வேறென்ன சொல்லச் சொல்வார்கள்? ஒவ்வொரு தடவையும் இந்தக் கை என் பிள்ளையின் தோளில் ஏறுமே! பயத்தைவிட அந்தக் கையின் மேல் அவளுக்கு வந்த வெறுப்பு பெரியதாக இருந்தது.

"ஐயா," என்று நீதிபதியைப் பார்த்தாள். "நேத்து இந்தம்மா எங்க வீட்டுக்கு வந்து சால்வைன்னு சொல்லச் சொன்னாங்க. இன்னிக்கு என் பொண்ணை வேலூர்லேர்ந்து இட்டாந்து உக்கார வெச்சிருக்காங்க. இதை முதல்ல எழுதிக்குங்க. அவளை எழுப்பி என் பக்கத்துல நிக்க வையுங்க. அப்புறம் கேளுங்க, எல்லாத்தையும் சொல்றேன்."

ஓவியா சிரிப்பை நிறுத்தி, தன் தோளில் கிடந்த கையைத் திரும்பிப் பார்த்தாள். நீதிபதி தலையசைக்க, ஒரு பெண் போலீஸ் பெஞ்சை நோக்கிப் போனாள். ராஜம்மாள் அவசரப்படவில்லை. பெண்ணின் பூவைச் சரிசெய்துவிட்டாள்.

"போ கண்ணு. அம்மா பயப்படறாங்க பாரு. எங்க போயிடப் போறீங்க, இந்த ஊருலதானே இருக்கணும்."

எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, போனை எடுத்தபடி வெளியே நடந்தாள்.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். கீதாஞ்சலி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "பணம்தாங்க ஐயா. நான்தான் கட்டினேன்," என்றாள். பிறகு கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னாள். எல்லாம் முடிந்து கூண்டைவிட்டு இறங்கியபோது, வெளியே காத்திருந்த புகழேந்தி ஓடி வந்தான்.

"ஆட்டோ சொல்லட்டுமா? எங்க போலாம்?"

கீதாஞ்சலி மகளின் கையை விடாமல் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.