தானா போயிடும்

அண்ணன் செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். "இன்னும் எத்தன தடவ என்னை இழுத்தடிப்பே?" என்பதுதான் அவனுடைய நலம் விசாரிப்பு.

"நான் இழுக்கல. மகனும் நேர்ல இருக்கணும்னு அவங்கதான் சொன்னாங்க," என்றாள் தங்கை.

முதியோர் உதவித் திட்டத்திலிருந்து ஆய்வாளர் வரும் நாள் அது. குளியல், உடை, கழிப்பறை மூன்றுக்கும் அப்பாவுக்கு அடுத்தவர் கை வேண்டும் என்று அந்த அம்மாள் எழுதினால், ராத்திரியில் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஓர் ஆள் வரும். சம்பளம் திட்டத்தின் தலையில். ஒன்று குறைந்தாலும் கிடையாது. ஆள் வந்தால் தங்கை விட்டுவந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்து இரவு வேலைக்குத் திரும்பலாம். மேற்பார்வையாளன் சாயங்காலம்வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தான். அதற்குமேல் பொறுக்க அந்த இடம் அவன் அப்பன் வீட்டுச் சொத்து இல்லையாம்.

அப்பா ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்திருந்தார். லாரி ஓட்டிய காலத்தில் கிளீனர்களை நடுங்க வைத்தவர். பக்கவாதத்தில் இடது பக்கம் போய்விட்டது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதை மகனிடம் செலவழிப்பதில்லை. மகனும் அவரோடு பேச மாட்டான். அவரைப் பற்றித்தான் பேசுவான், 'அது' என்று.

ஆய்வாளர் வந்து உட்கார்ந்ததும் கேள்விகளை ஆரம்பித்தார். பதில் சொல்ல அண்ணன் முந்திக்கொண்டான்.

"சாப்பாடெல்லாம் எப்படிங்க?"

"அதுக்கென்ன மேடம், கல்லைக் குடுத்தாலும் செரிக்கும்."

"காது கேக்குதா?"

"அதுக்கு வேண்டியது மட்டும் கேக்கும்."

"குளியல், துணி மாத்தறது?"

"அது எங்க பண்ணும்? எல்லாம் இவதான்."

தங்கை பல்லைக் கடித்துக்கொண்டாள். மரியாதை கெட்ட பதில்தான், ஆனால் வேண்டிய பதில். ஆய்வாளர் மருந்துச் சீட்டைக் கேட்கவும் உள்ளறைக்குப் போய்த் தேடி எடுத்து வந்தாள். அவள் திரும்பியபோது ஆய்வாளர் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தார்.

"குளிக்க உதவி தேவை. உடை மாற்ற உதவி தேவை. கழிப்பறைக்குத் தானே போகிறார். சரிங்களா?"

"யார் சொன்னது?" தங்கையின் குரல் உயர்ந்தது.

"உங்க அண்ணன்தாங்க. பாத்ரூம் எப்படின்னு கேட்டேன். 'அது தானா போயிடும்'னாரு."

அண்ணனுக்கு முகம் செத்துப்போனது. "ஐயோ மேடம், நான் அப்பாவச் சொல்லல. மூத்திரத்தச் சொன்னேன்."

"வந்ததிலேருந்து 'அது, அது'ன்னு அப்பாவத்தானே சொன்னீங்க? இதுல மட்டும் எது மூத்திரம், எது அப்பான்னு நான் எப்படிங்க பிரிக்கறது?" ஆய்வாளர் பேனாவை மூடினார். "எழுதினப்புறம் பேச்ச மாத்தறவங்கள நிறைய பாத்தாச்சு. ஐயா அவரு வாயால சொல்லட்டும், மாத்தறேன்."

தங்கை அப்பாவைப் பார்த்தாள். ஈர வேட்டியோடு டாக்டர் முன்னாலேயே 'தண்ணி கொட்டிடுச்சு' என்று சாதித்த மனிதர் இவர்.

அப்பா மகனை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல கையைத் தூக்கி அவனைக் காட்டினார்.

"அது சொன்னத எழுதாதீங்க. அதுக்குப் பேசத் தெரியாது."

"பாத்தீங்களா மேடம்? இந்த வாய்க்கு நான் லீவு போட்டுட்டு வந்தேன் பாருங்க!"

அப்பா அவன் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்குத் தெரியாமலே போயிடுதும்மா. இப்பவும் போயிருக்கு. சந்தேகம்னா தொட்டுப் பாத்துக்கோங்க."

ஆய்வாளர் தொடவில்லை. பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். "அடுத்த வாரம் ஆள் அனுப்புவாங்க," என்று எழுந்துகொண்டார். அவர் பின்னாலேயே அண்ணனும் போனான். அவன் அறைந்த அறையில் கதவு திரும்பத் திறந்துகொண்டது.

"என்னத்த வேடிக்கை பாக்கறே? வந்து மாத்து," என்றார் அப்பா.

மாற்றினாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு மேற்பார்வையாளனுக்குப் போன் போட்டாள்.

"என்ன, உங்கப்பனுக்கு ஒரு வழி பண்ணிட்டியா?"

"பண்ணியாச்சு. அதப் பாத்துக்க ஆள் வருது. அடுத்த வாரம் வேலைக்கு வந்துடறேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அப்பா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

"நல்லா வேலைக்குப் போ," என்றார். "போறதுக்கு முன்னாடி மட்டும் அதுக்கு சோறு போட்டுட்டுப் போ."