அம்மனுக்கு நெல் குத்தியவள்

கிணற்றடியில் குளிக்கப் போன பத்தினிப்பிள்ளை, உள்பாவாடையில் இரத்தத்தைக் கண்டதும் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். கொஞ்சம்தான், ஒரு வெற்றிலை அளவுகூட இராது. ஆனால் அவள் வந்தது கண்ணகை அம்மன் கோயிலிலிருந்து. காலையில் அம்மனின் பொங்கலுக்கு நெல் குத்திக் கொடுத்து, பொங்கல் முடிந்ததும் நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்தவள்.

அந்த ஊர்க் கோயிலில் நெல் குத்தும் உலக்கையைக் கண்டவர் நின்றவர் எல்லாம் தொட முடியாது. மாதாமாதம் வரும் தீட்டான துடக்கு அடியோடு நின்றுபோன பெண்கள்தான் வைகாசிச் சடங்குக்கு நெல் குத்தலாம். வயது கேட்பதில்லை, சாட்சி கேட்பதில்லை. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரின் மனைவியிடம், எனக்கு நின்றுவிட்டது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அம்மன் விஷயத்தில் பொய் சொல்ல யாருக்குத் துணிவு வரும் என்று ஊர் நம்பியது.

பத்தினிப்பிள்ளைக்கு ஐம்பத்துமூன்று வயது. நின்று இரண்டு வருஷத்துக்குக் கிட்ட. நின்ற காலத்தில் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். சும்மா இருக்கும்போதே நெஞ்சிலிருந்து முகம்வரை குப்பென்று சூடு ஏறும், சட்டை தெப்பமாக நனைந்துவிடும். புருஷன் வீரகத்தி கொண்டுவந்த மீனை வெட்டிக்கொண்டிருக்கையில் காரணமில்லாமல் அழுகை வரும், கண்ணைத் துடைப்பதற்குள் கோபம் வரும். மூட்டெல்லாம் உளைந்தது. இதையெல்லாம் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்வதில்லை. வயது போகிறது என்று ஆளாளுக்கு மூடி வைத்தார்கள், அவளும் மூடி வைத்தாள். பட்ட பாட்டுக்கெல்லாம் கிடைத்த ஒரே சம்பளம் அந்த உலக்கைதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். குமராகிய நாள்முதல் ஒவ்வொரு சடங்குக்கும் நாள் பார்த்துப் பார்த்து, கணக்குப் பிசகினால் கோயிலின் வெளிவீதியில் ஒதுங்கி நின்றவள் அவள். இந்த வருஷம் உலக்கையைத் தொட்டபோது அவளுக்குக் கண் கலங்கியது.

இப்போது பார்த்தால் இரத்தம். நின்றது என்று சொல்லி அம்மனை ஏமாற்றிவிட்டோம் என்றுதான் நினைத்தாள். வேறு எதையும் நினைக்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. துடக்கோடு உலக்கை பிடித்திருக்கிறாள், அந்த அரிசியில் பொங்கி ஊரே உண்டிருக்கிறது. வெளியே தெரிந்தால் கோயில் வாசலை மிதிக்க விடமாட்டார்கள். அதைவிட, அம்மன் என்ன செய்யப்போகிறாளோ என்ற பயம்தான் அவளைத் தின்றது.

அதற்குப் பிறகு ஊரில் எது நடந்தாலும் பழியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். வாவியில் இறால் குறைந்தது, அவளால். பக்கத்து வீட்டுப் பசுவின் கன்று செத்துப் பிறந்தது, அவளால். வீரகத்தியின் தோணி எஞ்சின் நடு வாவியில் நின்றதும் அவளால்தான். அந்த எஞ்சின் வாங்கிய நாளிலிருந்தே நினைத்த இடத்தில் நிற்கிற எஞ்சின் என்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. இரத்தமோ நின்றபாடில்லை. சில நாள் வரும், சில நாள் இராது, பிறகு வரும். வருகிறபோதெல்லாம் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு ஒருநேரச் சாப்பாட்டை விட்டாள். துணியை யாரும் காணாமல் கழுவி, வீட்டு வளவுக்குப் பின்னால் வாவிக்கரையில் புதராய் மண்டிய கண்ணாப் பற்றைக்குள் காயப்போட்டாள். ஆவணி பிறக்கும்போது ஆள் பாதியாகிவிட்டாள்.

மகள் சர்மிலாதான் அவளைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அம்மா மெலிவது சீனி வருத்தத்தாலோ என்று அவளுக்குச் சந்தேகம். அன்றைக்கு அங்கே மருத்துவமாது றபீக்கா, நாற்பது தாண்டிய பெண்களை இருத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஓட்டமாவடி ஊர்ப் பெண், ஒளிவுமறைவில்லாத வாய். மாதவிடாய் நிற்பது நோயில்லை என்றாள். முகத்தில் சூடு ஏறுவதும், நித்திரை கெடுவதும், எரிந்து விழுவதும் உடம்பு மாறுகிறபோது வருகிறவை, அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, தாங்க முடியாவிட்டால் வந்து சொன்னால் மருந்து இருக்கிறது என்றாள். இனி எலும்பு பலம் குறையும், சின்ன மீனை முள்ளோடு சாப்பிடுங்கள், தயிரை விடாதீர்கள், வெயில் தாழ்ந்ததும் நன்றாக நடங்கள் என்றாள். பத்தினிப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். தன் உடம்புக்குள் நடந்ததையெல்லாம் யாரோ ஒருத்தி பட்டப்பகலில் சபையில் சொல்கிறாளே என்று வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

அடுத்து றபீக்கா சொன்னதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வருஷம் முழுக்க நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் சும்மா இருக்கக் கூடாது, உடனே வந்து காட்ட வேண்டும் என்றாள். கூட்டம் கலைந்ததும், சர்மிலாவைத் தேநீர் வாங்கிவர அனுப்பிவிட்டு, பத்தினிப்பிள்ளை மெல்ல அவளிடம் போனாள்.

“மிஸ், ரெண்டு வருசத்துக்குப் புறகு வந்தா, அது மாதத் துடக்குத்தானே?”

“இல்லக்கா. அது முடிஞ்சு போச்சு. இது வேற.”

“அப்ப அதோட கோயிலுக்குப் போனா?”

“கால்ல காயத்தோட போனா எப்பிடி, அப்பிடித்தான்.”

பத்தினிப்பிள்ளைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவள் அம்மனை ஏமாற்றவில்லை. துடக்கே இல்லாததைத் துடக்கென்று நினைத்து மூன்று மாதம் பட்டினி கிடந்திருக்கிறாள். அவள் சந்தோஷத்தைக் கண்டு றபீக்காவுக்குத்தான் முகம் மாறியது. எவ்வளவு நாளாக என்று கேட்டாள். சொன்னதும் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினாள்.

“அக்கா, இது ஒண்டுமில்லாமயும் இருக்கலாம். புற்றுநோயிட முதல் அடையாளமாவும் இருக்கலாம். வேளைக்குப் பாத்தா சுகமாக்கலாம். இனி ஒரு நாளும் வெச்சிக்கிட்டு இருக்காதீங்க, மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க.”

வந்த சந்தோஷம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. பெரியாஸ்பத்திரிக்கு றபீக்கா எழுதிக்கொடுத்த கடிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். வழியில் சர்மிலா கேட்ட எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

வீரகத்தி வாவிக்கரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். பத்தினிப்பிள்ளை அவன் முன்னால் நின்று, சடங்கன்று கிணற்றடியில் கண்டதிலிருந்து றபீக்கா சொன்னதுவரை எல்லாவற்றையும் சொன்னாள். கோயிலுக்குப் பயந்த மனுஷன், கோபத்தில் துள்ளிக் குதிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் நிமிரவேயில்லை.

“எனக்குத் தெரியும்” என்றான்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

“சடங்கு முடிஞ்ச கிழமையே பத்தைக்குள்ள துணியக் கண்டன். கதைச்சா வெளிய வந்திரும், உன்னக் கோயிலடிக்கு எடுக்க மாட்டாங்க எண்டு பேசாம இருந்தன். நானும் அம்மனுக்கு நேந்துதான் வெச்சிருக்கன்.”

பத்தினிப்பிள்ளை திகைத்துப்போய் அவனையே பார்த்தாள். மூன்று மாதம் ஒரே சட்டிச் சோற்றைத் தின்றுகொண்டு, அவள் அவனுக்கு ஒளித்திருக்கிறாள், அவன் அவளுக்கு ஒளித்திருக்கிறான். அவள் உருகுவதைக் கண்கொண்டு பார்த்தபடி அவன் வாயைக் கட்டியிருக்கிறான், அதுவும் அவள்மேல் வைத்த பாசத்தால். கோபம் வந்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பாள். வந்தது பயம், கிளினிக்கில் வந்ததைவிடப் பெரிய பயம்.

“நான் செத்துப்போயிருந்தா, அதையும் அம்மன் செஞ்சதெண்டுதான் நெனச்சிருப்பீங்களா?”

வீரகத்தி இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனுக்குப் பொய் வரவில்லை.

“ஓம்” என்றான்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. வலையை அப்படியே மணலில் போட்டுவிட்டு எழும்பி, நாளைக்கு வேண்டாம், இப்பவே போவோம் என்று சொல்லி, சர்மிலாவை ஆட்டோ பிடிக்க அனுப்பினான்.